பாண்டிச்சேரியன் என்று எழுதிய காகிதம்

ஆங்கிலத்தில் எங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. பாண்டிச்சேரியன். இப்போதெல்லாம் சின்னஞ்சிறுசுகள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பாகூரில் பிறந்தவனும் பாண்டிச்சேரியன், வில்லியனூரில் பிறந்தவளும் பாண்டிச்சேரியன். சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன வந்தது. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்தால் இன்றைக்கும் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். அந்த வார்த்தையால் என் பிழைப்பே போயிருக்க வேண்டியது. போகவில்லை. போகாமல் தப்பித்தேன் என்பதை நினைக்கும்போதெல்லாம், அறுபது வருஷம் கழிந்தும், அப்பாடா என்றுதான் வருகிறது.

நான் பாகூர் கொம்யூனில் ஒரு சின்ன கிராமத்துக்காரி. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். கொம்யூன் என்றால் பத்துப் பதினைந்து கிராமம் சேர்ந்தது, அதற்கு ஒரு சர்க்கார் கச்சேரி, அந்தக் கச்சேரிக்கு மேரி என்று பெயர். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒருத்தரும் தன்னைப் புதுச்சேரிக்காரர் என்று சொல்லிக்கொண்டதே கிடையாது. புதுச்சேரி என்றால் அது பட்டணம். அங்கே குடியிருப்பவர்கள்தான் புதுச்சேரிக்காரர்கள். கோர்ட்டு வழக்கு என்றால் நாங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு "புதுச்சேரி போறேன்" என்று சொல்லிவிட்டுப் போவோம், வேற்றூருக்குப் போகிறவர்கள் மாதிரி. அந்தப் பட்டணத்து ஆட்கள் எங்களைப் பார்த்து "பாகூர் பக்கத்து ஆளு" என்பார்கள். அந்தப் "பக்கத்து"வில் கொஞ்சம் இளக்காரம் இருக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த பிரிட்டிஷ் கிராமத்துக்காரர்களுக்கோ நாங்கள் "பிராஞ்சுக்காரங்க". கடலூருக்கு விடிகாலையில் நடக்க ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். புதுச்சேரி அதைவிடத் தூரம். அப்படியிருக்க எங்களைப் புதுச்சேரியோடு சேர்த்து முடிபோட யாருக்குத் தோன்றும்?

எனக்கு மட்டும் இதற்கெல்லாம் மேலே ஒரு பட்டம் இருந்தது. சைகோன்காரன் பொண்டாட்டி. பதினாறு வயதில் என்னைக் கட்டிக்கொண்டவர், ஆறு மாதத்தில் காவல் வேலைக்கென்று சைகோனுக்குக் கப்பலேறினார். ஒரு வருஷம் கடுதாசி வந்தது. அப்புறம் அதுவும் நின்றுபோனது. மாமியார் வீட்டில் என்னைச் சும்மா உட்கார்த்தி வைத்துச் சோறு போடுவார்களா? அப்பா வந்து அழைத்துக்கொண்டு போனார். குளத்துக்குப் போனால் நாலு பெண்கள் கேட்பார்கள், "இன்னாடி, சைகோன்லேந்து சேதி எதனா வந்துச்சா?" அவர்களுக்கே தெரியும் வரவில்லை என்று. தெரிந்துகொண்டே கேட்பதில் ஒரு ருசி. எனக்கு வாய் நீளம், நானும் ஏதாவது திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன். ஆனால் உள்ளுக்குள் பத்தொன்பது வயதில் இப்படியே தலை நரைத்துவிடும் என்று பயந்து செத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு சேதி கொண்டுவந்தார். அவர் கடலூருக்குக் கரும்பு வண்டி ஓட்டுகிறவர். அங்கே ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்களாம். இரண்டு வருஷம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், பிறந்த காகிதம் வேண்டும், அவ்வளவுதான். முடித்தால் உத்தியோகம். நான் அஞ்சாவது வரை படித்தவள். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. நேரே மேரிக்குப் போய் என் பிறந்த காகிதத்துக்கு நகல் வாங்கிவந்து, மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து என் கையில் கொடுத்தார். பிரெஞ்சில் எழுதி, முத்திரை குத்தி, பார்க்கவே லட்சணமாக இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் நான் செய்த தப்பு.

ஆஸ்பத்திரியில் ஒரு குமாஸ்தா இருந்தார். கடலூர்க்காரர், நாற்பது வயதிருக்கும், காதில் பேனா. காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். பிரெஞ்சு அவருக்குத் தெரியாது, முத்திரை தெரிந்தது.

"இன்னாம்மா ஊரு?"

"பாகூர் பக்கம்."

அவர் ஒரு படிவத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். எழுதிவிட்டு அதை வாய்விட்டும் படித்தார். "பாண்டிச்சேரியன்."

எனக்குப் புரியவில்லை. ஆம்பளைப் பெயர் மாதிரி இருந்தது. "அது யாருங்க?" என்றேன்.

"நீதாம்மா. பிராஞ்சு எல்லைக்குள்ளாற இருக்கறவங்க அத்தினி பேருக்கும் இங்கிலீஷ்ல அதான் பேரு."

"நான் புதுச்சேரி இல்லீங்க. என் ஆயுசுக்கு ரெண்டு தரம்தான் புதுச்சேரி போயிருக்கேன். கடலூருக்கு எத்தினியோ தரம் வந்திருக்கேன்."

"நீ எங்க போன, எங்க வந்தேன்னு இங்க யாரும் கேக்கலம்மா. இது எங்க ஜில்லாப் பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கன எடம். பன்னெண்டு எடம்தான். வெளி ராஜ்யத்து ஆளைச் சேத்தா எங்களைக் கேப்பாங்க. அதுவும் சண்டை நேரம், உங்க பிரான்சே அங்க ஜெர்மன்காரன் கிட்ட மாட்டிக்கினு கெடக்குது."

உங்க பிரான்சாம். நான் பிரான்சைக் கண்டேனா? எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கோபத்தில்தான் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது. "நான் பொறந்தது உங்க ஜில்லாவுலதாங்க. எங்க அம்மா வூட்டுல."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அதுக்குக் காகிதம் கொண்டா. ஒரு வாரம் டைம் தர்றேன். பன்னெண்டுல ஒண்ணுதான் பாக்கி." என் மேரிக் காகிதத்தைப் படிவத்தோடு சேர்த்து ஒரு கட்டில் செருகி நாடாவால் கட்டிவிட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரையும் பித்தலாட்டக்காரர்கள் என்று நினைத்துவிடுவீர்கள். தலைச்சன் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். எங்கள் பக்கத்தில் மட்டும் ஒரு சிக்கல். அந்தக் காலத்து எல்லை என்பது தைத்த துணி மாதிரி நேராக ஓடாது. ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்த கிராமம் பிரிட்டிஷ், அதைத் தாண்டினால் மறுபடி பிரெஞ்சு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதைப் பார்த்தா நடக்கும்? அம்மாவின் ஊர் எங்கள் ஊரிலிருந்து இரண்டு வாய்க்கால் தாண்டி, பிரிட்டிஷ் பக்கம். அங்கேதான் நான் பிறந்தேன். என் வயசுச் சோட்டுத் தலைச்சன் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் அந்தப் பக்கம் பிறந்தவர்கள்.

பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளை பிறந்தால் மூன்று நாளைக்குள் தகப்பன் இரண்டு சாட்சியோடு மேரிக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குச் சேதி வந்து, நல்ல நாள் பார்த்து, மாமியார் வீட்டுக்குப் போய் என்னைப் பார்த்துத் திரும்பி வந்தபோது ஐந்து நாள் ஆகிவிட்டது. மேரியில் போய், "நேத்து பொறந்துச்சு, எங்க வூட்டுல பொறந்துச்சு" என்று சொல்லிவிட்டார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். எல்லாத் தகப்பன்மாரும் அப்படித்தான் சொன்னார்கள். கொம்யூனுக்குள் பிறக்காத பிள்ளையைக் கொம்யூன் கணக்கில் எழுத மாட்டார்களே. நம் வீட்டுப் பிள்ளை, நம் வீட்டுக் காகிதத்தில் இல்லாமல் போனால் நாளைக்கு நிலத்தில் பங்கு கேட்கும்போது யார் ஒத்துக்கொள்வார்கள்? இதை யாரும் பொய் என்று நினைக்கவேயில்லை. பெண் எங்கே போய்ப் பெற்றாலும் பிள்ளை நம் வீட்டில் பிறந்ததுதான் என்பது அவர்கள் கணக்கு.

அந்தப் பக்கத்திலும் அம்மா ஊர் மணியக்காரர் ஜனன மரணப் பதிவில் என்னை எழுதியிருந்தார். அம்மை குத்துகிறவன் வந்தால் அந்தப் பதிவைப் பார்த்துத்தான் பிள்ளைகளைக் கூப்பிடுவான். ஆக, நான் இரண்டு ராஜ்யத்தில், இரண்டு தேதியில் பிறந்தவள்.

மறுநாளே அம்மா ஊருக்குப் போனேன். மணியக்காரர் பழைய ஆள்தான், தூரத்து உறவும்கூட. பதிவைப் புரட்டி, தூசி தட்டி, என் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. நகல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார்.

"உங்கப்பன் அங்க மேரியிலயும் எழுதி வெச்சிருப்பானே?"

"ஆமாங்க. அந்தக் காகிதம் ஆஸ்பத்திரியில இருக்குது."

"ரெண்டும் ஒரே மேசையில இருந்தா ஒண்ணு பொய்யின்னு ஆயிடும்மா. இது மணியக்காரன் எழுதனது, கூட இருந்து எழுதனது. அப்ப பொய்யி எது?" என்றார். "மேரியில பொய்ச் சத்தியம் பண்ணா செயிலு. பாத்து நடந்துக்க."

இதை வீட்டில் வந்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

அப்பா முதலில் கத்தினார். மணியக்காரரைத் திட்டினார், குமாஸ்தாவைத் திட்டினார், என்னைச் சைகோன்காரனுக்குக் கட்டிவைத்த தரகனைத் திட்டினார். அப்புறம் அப்படியே அடங்கிப்போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. சாயங்காலமே சேதி ஊருக்குள் பரவி, மறுநாள் காலையில் பெரியப்பா வந்து நின்றார். அப்பாவின் அண்ணன்முறை, ஊரில் பேச்சு எடுபடுகிற ஆள்.

"ஒருத்திக்காக ஊர்ல கீற தலைச்சன் புள்ளைங்க அத்தினியையும் பொய்யாக்கப் போறியா? உங்கப்பன் எத்தினி பேருக்குச் சாட்சி போட்டிருக்கான் தெரியுமா? என் பெரியவனுக்கு அவன்தான் சாட்சி. ஒரு நூலை இழுத்தா எல்லாம் பிரிஞ்சிடும்."

"அப்ப நான் இன்னா பண்றது பெரியப்பா? குளத்தாண்ட போயி சைகோன்லேந்து சேதி வந்துச்சான்னு கேட்டுக்கினு கெழவியாவறதா?"

"வாய மூடு."

நான் மூடவில்லை. அவருக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. நடுவில் அடுப்பங்கரையிலிருந்து அம்மா வெளியே வந்தாள். அவள் ஆண்கள் பேச்சில் குறுக்கே வருகிறவளே இல்லை. "நான் பெத்த எடத்தை நான் மறைக்கல. மறைச்சது நீங்க ஆம்பளைங்க. இப்ப அவள இன்னாத்துக்கு மெரட்டறீங்க?" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரியப்பா முகம் சுருங்கிப் போனது.

அம்மா என் பக்கம் பேசினாள் என்று எனக்கு ஒரு பக்கம் தெம்பு. ஆனால் நிஜத்தைச் சொன்னால், பெரியப்பா சொன்னது தப்பு என்று எனக்கே தோன்றவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும். அதற்காக அப்பா ஜெயிலுக்குப் போகக் கூடாது. ஒரு யோசனை பண்ணினேன். முதலில் குமாஸ்தாவிடம் நயமாகப் பேசி அந்த மேரிக் காகிதத்தைத் திருப்பி வாங்கிவிடுவது. அப்புறம் புதுசைக் கொடுப்பது. இரண்டும் ஒரே மேசையில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஏதோ பெரிய தந்திரம் மாதிரி நினைத்துக்கொண்டு, வாரக் கடைசியில் கிளம்பினேன். அப்பா வெளியே வரவில்லை. திரும்பிப் படுத்திருந்தார். போய் வருகிறேன் என்றேன். "ம்" என்றார்.

ஆற்றுப் பாலம் தாண்டுகிற வரைக்கும் குமாஸ்தாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒன்றும் உதவவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "கொண்டாந்தியா?" என்று கை நீட்டினார். என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டார், அவரே வாங்கிக்கொண்டார். மறு கையால் கட்டை இழுத்து, நாடாவை அவிழ்த்து, பழைய காகிதத்தைப் பக்கத்தில் வைத்தார். எண்களுக்குப் பிரெஞ்சு எதற்கு? அந்தத் தேதியையும் இந்தத் தேதியையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நீ ரெண்டு தரம் பொறந்தியாம்மா?"

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் ஏதாவது பேரம் பேசியிருப்பார். அவர் இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்து, "இது நான் முடிவு பண்ற விசயமில்ல" என்று துரைசாணியம்மாவின் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

துரைசாணியம்மா அந்த ஆஸ்பத்திரியின் பெரிய நர்ஸ். வெள்ளைக்காரி. பதினைந்து வருஷமாகக் கடலூரில் பிரசவம் பார்க்கிறவர். தமிழ் பேசுவார், ஆனால் பாடப்புத்தகத்தில் இருக்கிற தமிழ். குமாஸ்தா ஆங்கிலத்தில் என்னென்னவோ சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. பாண்டிச்சேரியன், பாண்டிச்சேரியன் என்று இரண்டு மூன்று தடவை வந்தது. துரைசாணியம்மா இரண்டு காகிதத்தையும் படித்தார். அவருக்குப் பிரெஞ்சும் கொஞ்சம் தெரிந்திருந்தது, அதுதான் என் துரதிர்ஷ்டம்.

"பெண்ணே, இவற்றில் எது உண்மை?" என்றார்.

பொய் சொல்லலாம் என்று வந்தவள்தான் நான். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்ல வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீடு போவது, அப்பா ஐந்தாம் நாள் மேரிக்குப் போனது, நேற்றுப் பிறந்தது என்று சொன்னது, ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வது. கடைசியில் கேட்டேன்: "எங்க அப்பாவைப் புடிச்சிக்குடுத்துடாதீங்கம்மா. எனக்கு எடம் வேணாம். அந்தக் காகிதத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க, நான் போயிடறேன்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவ்வளவு சண்டை போட்டு வந்தவள், இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது எனக்கு அப்போது வருத்தமாகக்கூட இல்லை. அப்பா தப்பித்தால் போதும் என்றிருந்தது.

துரைசாணியம்மா இரண்டு காகிதத்தையும் மேசைமேல் வைத்தார். பிறகு எழுந்து, "என்னுடன் வா" என்றார். குமாஸ்தாவையும் கையசைத்துக் கூப்பிட்டார். பிரசவ வார்டுக்குப் போனோம். குமாஸ்தா வாசலிலேயே நின்றுகொண்டார், ஆண்பிள்ளை உள்ளே வரக்கூடாது. வரிசையாகக் கட்டில்கள், பக்கத்தில் தொட்டில்கள். துரைசாணியம்மா முதல் கட்டிலில் இருந்த பெண்ணைக் கேட்டார்.

"உனக்கு எந்த ஊர்?"

"வில்லியனூர் பக்கங்கம்மா. உறுவையாறு."

"அது பிரெஞ்சு தேசம் அல்லவா? இங்கே எப்படி வந்தாய்?"

"தலைச்சனாச்சே. அம்மா வூடு கடலூரு."

அடுத்தவளுக்குப் பாகூர். அதற்கடுத்தவள் கடலூர்க்காரியே. நாலாவது கட்டிலில் மறுபடி பாகூர்ப் பக்கம். அந்தப் பெண்ணின் பிள்ளை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. துரைசாணியம்மா அவளிடம் மட்டும் நின்று மெதுவாகக் கேட்டார்.

"இந்தக் குழந்தை கடலூரில் பிறந்தது என்று நான் பதிவில் எழுதி அனுப்பிவிட்டேன். உன் புருஷன் அங்கே போய் என்ன எழுதுவான்?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "முந்தாநேத்தே மேரியில எழுதிட்டு வந்துட்டாரும்மா. எங்க வூட்டுல பொறந்துச்சுன்னு. எழுதாம இன்னா? எங்க வூட்டுப் புள்ளையாச்சே," என்றாள். அக்கம்பக்கத்துக் கட்டில்களில் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இதில் என்ன கேட்க இருக்கிறது என்பது மாதிரி.

துரைசாணியம்மா அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்க ஆரம்பித்தார். பதினைந்து வருஷமாக அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பதிவுகள் எத்தனை இருக்கும்? அத்தனை பிள்ளைகளும் அவர் கையில் கடலூரில் பிறந்து, மேரியில் பாகூரில் பிறந்திருக்கின்றன. என் அப்பாவைப் பொய்யர் என்று சொன்னால் அந்த வார்டையே சொல்ல வேண்டும். எனக்கு அது அப்போது முழுசாகப் புரியவில்லை. அவர் சிரிக்கிறார், அது போதும் என்று நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அறைக்குத் திரும்பியதும் மேரிக் காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதை நான் பார்க்கவில்லை. இதை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள். வேறு எந்த மேசைக்கும் கொண்டுபோகாதே," என்றார். குமாஸ்தா படிவத்தை வைத்துக்கொண்டு தயங்கினார். அவர் எழுதிய வார்த்தையை அடித்துவிட்டால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அவர் கவலை. "அவளுடைய தாய் வீட்டு ஊரை எழுதும். அங்கேதானே பிறந்தாள்," என்றார் துரைசாணியம்மா. குமாஸ்தா ஒரே கோடாக அடித்தார். என் கண்ணெதிரே பாண்டிச்சேரியன் போய், அம்மாவின் ஊர் வந்து உட்கார்ந்தது.

காகிதத்தில் அடித்த வார்த்தை வாயிலிருந்து போகவில்லை என்பது வேறு விஷயம். வெளியே போகிற என்னைத் துரைசாணியம்மா அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். "பாண்டிச்சேரியன், இன்றைக்கே தங்கிவிடு. நாளைக் காலை ஆறு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும்." அப்புறம் இரண்டு வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு அதுதான் பெயர். ஆயாக்கள்கூட "பாண்டிச்சேரியன் இங்க வா" என்பார்கள். கூடப் படித்த பதினொரு பேருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர், எனக்கு மட்டும் ஒரு தேசத்துப் பெயர். புதுச்சேரியில் போய் யாராவது என்னைப் புதுச்சேரிக்காரி என்று சொல்லியிருந்தால் பட்டணத்து ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். கடலூரில் அந்த வார்த்தைக்கு அப்படி வேறுபாடெல்லாம் கிடையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவள், அவ்வளவுதான் அர்த்தம். சைகோன்காரன் பொண்டாட்டி என்ற பட்டத்துக்கு இது எவ்வளவோ தேவலை என்று நான் கூப்பிட்ட குரலுக்கு ஓடினேன்.

இன்றைக்கே தங்கு என்றால் எப்படி? மாற்றுத் துணிகூட இல்லை. யாரிடமாவது ஊருக்குச் சேதி சொல்லி அனுப்பலாம் என்று உத்தரவு கேட்டு வாசலுக்கு வந்தேன். வாசலில், எதிர்ச் சாரியில் இருந்த புளியமரத்தடியில், அப்பா நின்றுகொண்டிருந்தார்.

எனக்குத் திக்கென்றது. கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்கிற சட்டை போட்டிருந்தார். தலையில் எண்ணெய் வைத்து வாரியிருந்தார். கையில் ஒரு துணி மூட்டை. நான் கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே பின்னால் நடக்க ஆரம்பித்திருக்கிறார். வந்து இரண்டு மணி நேரமாக உள்ளே வரப் பயந்துகொண்டு அங்கேயே நின்றிருக்கிறார்.

"இன்னாப்பா இங்க?"

"கூப்புட்டாங்களா?" என்றார். "பொய்யி நான் சொன்னதுதான், என் பொண்ணு மேல தப்பு இல்லைன்னு சொல்லிடறேன். எழுதனது நானு. அவளுக்கு எடம் குடுத்துடுங்கன்னு கேக்கறேன். அப்புறம் எங்க கூட்டிப்போனாலும் போறேன்."

நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. மேரிக் காகிதத்தைக் கையில் கொடுத்ததும் அதைத் திருப்பிப் பார்த்தார், அவருக்குப் படிக்கத் தெரியாது, முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பெரிய மூச்சு விட்டார். அந்த மூச்சை ஒரு வாரமாகப் பிடித்து வைத்திருந்தார் என்று தோன்றியது. "எல்லாப் புள்ளைங்களும் தப்பிச்சிதா?" என்று கேட்டார். தப்பித்தது என்றேன்.

"அது இன்னா மூட்டை?" என்றேன்.

அவர் மூட்டையை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். நானே அவிழ்த்தேன். ஒரு வேட்டி, ஒரு துண்டு, பித்தளை டம்ளர் ஒன்று, நாலு வேளைக்குக் காணும் அளவு புகையிலை. ஜெயிலுக்குப் போகிறவர் என்னென்ன எடுத்துக்கொண்டு போவார் என்று அவருக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்து வந்திருந்தார். நான் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி, ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சரி சரி, ஊரு பாக்குது," என்றார். "எப்ப சேரணும்?"

"இன்னிக்கே."

டம்ளரையும் புகையிலையையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். வேட்டியையும் துண்டையும் மடித்து என் கையில் வைத்தார். "ராத்திரிக்குப் போத்திக்க. கடல் காத்து அடிக்கும்," என்று சொல்லிவிட்டு, வெயில் இறங்குவதற்குள் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று எழுந்து நடந்தார்.